ஊசி போட்ட மூன்றாம் நாள்: வளர்ச்சி குன்றிய சிசுவைக் கண்காணித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பெண்ணுக்கு வயது 31. குடியிருப்பது மும்பை தாராவியில், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். இது இரண்டாவது கர்ப்பம். மூன்று வருடங்களுக்கு முன் தலைப்பிரசவத்துக்காக ஊருக்குப் போன இடத்தில், 34-ஆவது வாரத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முதல் கர்ப்பத்தின் தாள்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. "பிரஷர் இருந்தது" என்றார்கள். எவ்வளவு என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு தாளில் மட்டும் இறந்து பிறந்த குழந்தையின் எடை 1,300 கிராம் என்று எழுதியிருந்தது. எங்களுக்கு அந்த ஓர் எண்ணே போதும். 34 வாரத்தில் ஒரு குழந்தை சராசரியாக 2 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, அந்தக் குழந்தை ஒரே நாளில் திடீரென்று போகவில்லை. பல வாரங்களாகப் பட்டினி கிடந்திருக்கிறது. நஞ்சுக்கொடியின் கோளாறுதான் முதல் சந்தேகம். ஒரு முறை வந்த இந்தக் கோளாறு அடுத்த கர்ப்பத்திலும் வரும் வாய்ப்பு அதிகம்.

நம்மிடம் முதலில் வந்தது 13-ஆவது வாரத்தில். நல்ல நேரம்தான். இரவில் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தோம். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் இதைத் தொடங்கினால், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் பிரீ-எக்ளாம்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) பாதிக்கு மேல் குறைகிறது என்று 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு காட்டியது. அப்புறம் 20-ஆவது வார ஸ்கேனுக்கு வந்தபோது மாத்திரை எப்படிப் போகிறது என்று கேட்டேன். பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்தார். நான்கு மாத்திரைதான் கிள்ளியிருந்தது. "ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை, வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு மருந்துக் கடையில சொன்னாங்க டாக்டர்." அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு பிள்ளையை இழந்தவர் எந்த மாத்திரையைப் பார்த்தாலும் பயப்படத்தான் செய்வார். திரும்பவும் தொடங்கச் சொன்னோம். ஆனால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர்விட்டு ரத்தக் குழாய்களை அகலமாக்கும் வேலை அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். 16 வாரத்துக்குப் பின் தொடங்கும் ஆஸ்பிரினிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

20-ஆவது வாரத்தில் குழந்தையின் உறுப்புகளில் குறை எதுவும் இல்லை. கருப்பைத் தமனிகளில் இரண்டு பக்கமும் தடை அதிகம். 28-ஆவது வாரத்தில் கணித்த எடை 860 கிராம். அந்த வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால் கடைசி மூன்றுக்குள் வரும் எடை அது. தொப்புள்கொடித் தமனியில் தடை கூடியிருந்தது, ஆனால் ஓட்டம் முன்னோக்கியே இருந்தது. மூளைத் தமனியில் தடை வழக்கத்தைவிடக் குறைவு. கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனை மூளைக்குத் திருப்பிவிடக் குழந்தை தொடங்கிவிட்டது என்று பொருள். வாரம் ஒரு முறை டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்), வாரம் இரண்டு முறை பிரஷர் என்று வைத்தோம்.

இதற்கிடையில் ஊர்ப் பயணம் வந்து நின்றது. ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய் வீட்டில் பிரசவம் என்பது வழக்கம். பெண்ணின் அம்மா அதற்காகவே ஊரிலிருந்து வந்திருந்தார். தாதரில் ரயில் ஏறினால் திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றரை நாள். "டாக்டரம்மா, நாள் குறிச்சாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு. தலைப்பிள்ளைக்குத்தான் ஒண்ணும் பாக்கக் கொடுத்து வைக்கல, இதுக்காவது செஞ்சு பாக்கணும்லா" என்றார். மறுக்க மனம் வராத வேண்டுகோள்தான். ஆனால் பிரஷர் ஏறிக்கொண்டிருக்கிற, குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைந்துகொண்டிருக்கிற பெண்ணை ஒன்றரை நாள் ரயிலில் ஏற்ற முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் தொடர்ச்சி அறுந்து போவது. போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு என்ற ஒப்பீடுதான் இந்தக் கண்காணிப்பின் உயிர். புது ஊரில் புது டாக்டரிடம் புதுத் தாளில் தொடங்கினால் அது போய்விடும். முதல் கர்ப்பத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

டிக்கெட் ரத்தானது. ஆனால் குடும்பம் மனதளவில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது 29 வாரம் 4 நாளில் தெரிந்தது. தலைவலி என்று வந்தார். பிரஷர் 146/94, சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். தொப்புள்கொடித் தமனியில், இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் ஓட வேண்டிய ஓட்டம் அடியோடு இல்லை. கணவர் ஒரு தாளை நீட்டினார். இரண்டு நாளுக்கு முன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எடுத்த என்.எஸ்.டி., அதாவது குழந்தையின் இதயத்துடிப்பு வரைபடம். 'நார்மல்' என்று எழுதியிருந்தது. "முந்தாநாள் நல்லாயிருந்த பிள்ளைக்கு இன்னைக்கு எப்படி மேடம் ரத்தமே போகலன்னு சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. வரைபடத்தை நானும் பார்த்தேன், அது உண்மையிலேயே நார்மல்தான். 29 வாரத்தில், இதயத்துடிப்பு அடிநிலையிலிருந்து நிமிடத்துக்கு 10 துடிப்பு கூடி 10 விநாடி நின்றால் போதும். 32 வாரத்துக்கு மேல்தான் 15 துடிப்பு, 15 விநாடி என்று கேட்போம். அப்படி இரண்டு ஏற்றங்கள் 20 நிமிடத்துக்குள் இருந்தன. இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். என்.எஸ்.டி. சொல்வது, இந்த அரை மணி நேரத்தில் குழந்தையின் மூளையும் இதயமும் மூச்சுத்திணறாமல் வேலை செய்கின்றன என்பதை. டாப்ளர் சொல்வது, நஞ்சுக்கொடியின் வழி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை. முதலாவது இன்றைய நிலவரம், இரண்டாவது வரப்போகிற வாரங்களின் நிலவரம்.

அவருக்குப் புரிய வைத்தது தாராவித் தண்ணீர்தான். மோட்டார் ஓடும்போது எந்தக் குழாயிலும் தண்ணீர் வரும். மோட்டாரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால், முன்னால் குழாய் அகலமாக இருக்கிறது, அடைப்பு இல்லை. நிறுத்தியதும் சட்டென்று நின்றுபோனால் எங்கோ அடைப்பு. அடைப்பு முற்றினால் தண்ணீர் பின்னுக்கே வரும். குழந்தையின் இதயம்தான் மோட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஓட்டம் நின்றுபோயிருக்கிறது, இன்னும் பின்னோக்கி வரவில்லை என்றேன். அதற்கு மேல் அவர் அந்த என்.எஸ்.டி. தாளைப் பற்றிப் பேசவில்லை. அன்றே வார்டில் சேர்த்தோம்.

ஓட்டம் இல்லை என்றால் உடனே எடுத்துவிட வேண்டியதுதானே என்று உறவினர்களும் கேட்டார்கள், இளம் டாக்டர் ஒருவரும் கேட்டார். 34 வாரமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்திருப்போம். 29 வாரத்தில், கணித்த எடை 960 கிராம் இருக்கும்போது, வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். ஓட்டம் இல்லாத நிலையில் 33, 34 வாரம் வரை, பின்னோக்கி ஓடத் தொடங்கினால் 30 முதல் 32 வாரம் வரை காத்திருக்கலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு நிபந்தனை, இடையில் வேறு ஆபத்து அறிகுறி எதுவும் வரக் கூடாது. அந்த அறிகுறியைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான் தினமும் என்.எஸ்.டி., ஒன்றுவிட்டு ஒருநாள் டாப்ளர். குழந்தையின் ஈரலுக்குள் போகும் டக்டஸ் வீனோசஸ் என்ற சிறு சிரையையும் சேர்த்துப் பார்ப்போம். தமனிகளில் தெரிவது அடைப்பு. அந்தச் சிரையில் மாற்றம் வந்தால் குழந்தையின் இதயமே தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சேர்த்த அன்றே நுரையீரல் முதிர்ச்சிக்காக பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி 12 மில்லிகிராம், 24 மணி நேரம் கழித்து மறுபடி 12. பிரஷருக்கு லபெட்டலால். இந்த ஆய்வை எழுதியதே இதற்கடுத்த மூன்று நாட்களுக்காகத்தான்.

இரண்டாம் ஊசி போட்டு முடித்த மறுநாள் டாப்ளர் எடுத்த டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். நின்றுபோன ஓட்டம் திரும்பிவிட்டது! படத்தைப் பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது, ஆனால் இடைவெளியில் ரத்தம் முன்னோக்கி ஓடியது நிஜம். சேதி அரை மணி நேரத்தில் வார்டு முழுக்கப் பரவியது. கணவர் வந்து கேட்டார்: "அப்ப சரியாயிடுச்சா மேடம்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

சரியாகவில்லை. ஸ்டீராய்டு போட்ட பலருக்கு ஓட்டம் இப்படித் திரும்பும். ரத்தக் குழாய்களின் இறுக்கம் தற்காலிகமாகத் தளர்கிறது, அவ்வளவுதான். சில நாளில் பழையபடி ஆகிவிடும். நஞ்சுக்கொடியில் ஏற்கெனவே அடைபட்டுச் செத்துப்போன பகுதிகள் ஊசியால் உயிர்பெறுவதில்லை. இந்த நாளில் எடுத்த டாப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் டிஸ்சார்ஜ் ஆனால், அது நிம்மதி தருவதற்குப் பதில் ஏமாற்றிவிடும்.

அடுத்த நாள் காட்சி தலைகீழ். விடியற்காலை நான்கு மணிக்கு நர்ஸ் போன் செய்தார். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நேற்று ராத்திரி சாப்பிட்டதிலிருந்து பிள்ளை சரியாகத் துடிக்கவில்லை, அதாவது அசையவில்லை. என்.எஸ்.டி. போட்டார்கள். கோடு கிட்டத்தட்ட நேர்கோடாகப் போனது, ஏற்ற இறக்கம் ஐந்து துடிப்புக்குள். 40 நிமிடம் ஓட்டியும் ஓர் ஏற்றம்கூட இல்லை. குழந்தை தூங்கியிருக்கலாம் என்றுதான் 20 நிமிடத்தை 40 ஆக்குவது. அதையும் தாண்டிவிட்டது.

எந்த வார்டிலும் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிப் போன் போகிற நேரம் இது. முதல் குழந்தையை இழந்த தாய், அசைவு குறைவு, தட்டையான வரைபடம், சேர்த்த அன்று ஓட்டமில்லாத டாப்ளர். ஆனால் இதுவும் ஊசியின் வேலையாக இருக்கலாம். பீட்டாமெத்தசோன் போட்ட இரண்டாம், மூன்றாம் நாளில் குழந்தையின் அசைவும் மூச்சுப் பயிற்சியும் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் குறைவது தெரிந்த விஷயம். நான்காம் நாளிலிருந்து மீளும். 'இருக்கலாம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்கப் போகவும் முடியாது. நிஜமான ஆபத்தும் வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்.

இரண்டையும் பிரிக்க ஸ்கேன் மெஷினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பயோபிசிகல் புரொஃபைல் என்று ஃபிராங்க் மானிங் குழுவினர் 1980-இல் கொடுத்த மதிப்பெண் முறை: மூச்சசைவு, உடலசைவு, கை கால் மடக்கி நீட்டும் தெம்பு, பனிக்குட நீர், என்.எஸ்.டி. என ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண். அரை மணி நேரம் பார்த்ததில் மூச்சசைவு ஒருமுறைகூட இல்லை. உடலசைவு மூன்று, அதுவும் கடைசிப் பத்து நிமிடத்தில். மடங்கியிருந்த கை விரல்கள் விரிந்து மூடின. நீர் ஆழம் 2.6 செ.மீ.; 2-க்கு மேல் இருந்தால் போதும். மொத்தம் 6. இரண்டுங்கெட்டான் மதிப்பெண். 4 என்றால் எடுத்துவிடுவோம், 8 என்றால் தூங்கப் போவோம்.

முடிவைத் தீர்மானித்தது டக்டஸ் வீனோசஸ். அதில் ஓட்டம் முழுக்க நார்மல். வரைபடத்தில், இதயத்துடிப்பு திடீரென்று விழும் இறக்கங்களும் இல்லை. இதயம் உண்மையிலேயே தோற்றுக்கொண்டிருந்தால் இந்த மாதக் குழந்தையில் இரண்டில் ஒன்றாவது பெரும்பாலும் காட்டிக்கொடுத்திருக்கும். ஆறு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப எடுப்பது, ஓர் இறக்கம் வந்தாலும் தியேட்டர் என்று முடிவு செய்தோம். அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தடவையும் இப்படித்தான் துடிப்பு குறைஞ்சுது. இது அது இல்லைன்னு எப்படி டாக்டர் தெரியும்?" உறுதியாகத் தெரியாது, அதனால்தான் ஆறு மணி நேரத்துக்கு மேல் விடமாட்டோம் என்றேன். பத்து மணிக்கு மதிப்பெண் அதே 6. மாலை நான்கு மணிக்கு மூச்சசைவு வந்தது, 8 ஆனது. மறுநாள் வரைபடம் பழைய உயிர்ப்போடு இருந்தது. அடுத்த டாப்ளரில் திரும்பிவந்த ஓட்டம் மறுபடி காணாமல் போயிருந்தது.

ஆக மூன்று நாளுக்குள் ஒரு பொய் நிம்மதி, ஒரு பொய் பயம். இரண்டுக்கும் காரணம் ஒரே ஊசி. கேஸ் ஷீட்டின் மேல் ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் வார்டில் அதற்குப் பிறகு வந்தது. நடுராத்திரியில் வரைபடம் பார்க்கிறவர் அதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

வளைகாப்பு வார்டிலேயே நடந்தது. அம்மாவும் பக்கத்துக் கட்டில் பெண்களுமாகக் கண்ணாடி வளையல் போட்டு, சந்தனம் பூசி, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் கொண்டுவந்து நர்ஸ்களுக்கும் கொடுத்தார்கள். மறுநாள் என்.எஸ்.டி. எடுக்கும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, மராத்தி நர்ஸ் ஒருவர் அவர் கையைப் பிடித்து வளையலைக் குலுக்கினார். துடிப்பு 12 கூடியது. தற்செயலாகவும் இருக்கலாம். சத்தத்தால் குழந்தையை எழுப்பிப் பார்க்கும் கருவிகள் இருக்கத்தான் செய்கின்றன, நமக்கு அன்று வளையல் கிடைத்தது.

ஸ்கேன் பற்றி ஒரு சின்ன விஷயம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டப்படி கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேனுக்கு ஃபார்ம் எஃப் நிரப்ப வேண்டும். அடிக்கடி டாப்ளர் எடுக்கிற பெண்ணுக்கு இது பெரிய காகித வேலைதான். சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் சலித்துக்கொள்வதில்லை, அந்தச் சட்டம் வந்த காரணம் மும்பைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

31 வாரம் 1 நாளில் முடிவு தானாகவே வந்தது. காலையில் பிரஷர் 160/108, கண் மங்குகிறது என்றார். டக்டஸ் வீனோசஸில் தடை முதன்முறையாக எல்லையைத் தாண்டியிருந்தது. ஓட்டம் இன்னும் பின்னோக்கிப் போகவில்லை. என்.எஸ்.டி.யில் பிரசவ வலியே இல்லாமல் இரண்டு இறக்கங்கள், இரண்டாவது ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. மக்னீசியம் சல்ஃபேட் தொடங்கினோம். தாய்க்கு வலிப்பு வராமலும் குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பாகவும் ஒரே மருந்து இரண்டு வேலை செய்யும். சிசேரியன். தியேட்டருக்குள் வளையலைக் கழற்ற வேண்டும் என்றதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, மயக்க மருந்து டாக்டரே ஒரு கையில் மட்டும் பேண்டேஜ் சுற்றி விட்டுவைத்தார்.

பெண் குழந்தை, 1,060 கிராம், பிறந்ததும் அழுதது. தொப்புள்கொடித் தமனி ரத்தத்தின் பி.எச். 7.22, அமிலம் தேங்கவில்லை. மூன்று நாள் மூக்கு வழியே அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் காற்று, அதற்குப் பிறகு தானாக மூச்சு. நுரையீரலைவிடக் குடலைப் பற்றித்தான் குழந்தை டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். வாரக்கணக்கில் மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்ட குழந்தையின் குடல் பட்டினி கிடந்திருக்கும்; தாய்ப்பால் தவிர வேறு எது கொடுத்தாலும் குடல் அழுகல் வரும் அபாயம் கூடும். பிரஷரும் மக்னீசியமுமாகக் கிடந்த தாய்க்குப் பால் சுரக்க நாளாயிற்று. அதுவரை வங்கிப் பால். நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் தொடங்கியது தாராவிக்கு அடுத்த சயானில்தான் என்பதை அந்த அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம். 1,720 கிராமில் வீட்டுக்குப் போனது.

இனி, இந்த நிகழ்வை மற்ற இடங்களுக்குப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை. ஐரோப்பாவில் 503 பெண்களை வைத்து நடந்த டிரஃபிள் ஆய்வு 2015-இல் வெளியானது. 32 வாரத்துக்குள் வளர்ச்சி குன்றிய சிசுக்களில், டக்டஸ் வீனோசஸில் மாற்றம் முற்றும்வரை காத்திருந்து எடுத்த பிரிவில், உயிர்பிழைத்தவர்களில் 95 சதவீதம் பேர் இரண்டு வயதில் மூளை வளர்ச்சிக் குறையின்றி இருந்தார்கள். இதயத்துடிப்பு வரைபடத்தை மட்டும் வைத்து எடுத்த பிரிவில் 85 சதவீதம். இதைப் படித்துவிட்டு 'சிரையைப் பார்த்தால் போதும்' என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்த ஆய்வில் எல்லாப் பெண்களுக்கும் கணினி கணக்கிடும் சி.டி.ஜி. (இதயத்துடிப்பு வரைபடம்) பின்னால் காவலுக்கு நின்றது. கண்ணுக்குத் தெரியாத சிறு ஏற்ற இறக்கத்தை அது மில்லி விநாடியில் அளக்கும். எங்கள் வார்டில் அது இல்லை, கண்ணால்தான் படிக்கிறோம். அதனால் சிரையில் ஓட்டம் பின்னோக்கிப் போகும்வரை காத்திருக்கும் துணிச்சல் நமக்குக் கூடாது என்பது என் கருத்து. எல்லையைத் தாண்டிய அன்றே எடுத்தது அதனால்தான். பிரஷர் அந்த முடிவை எளிதாக்கியது.

தொப்புள்கொடி டாப்ளரைப் பயன்படுத்தினால், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களில் சிசு மரணம் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. வெறும் என்.எஸ்.டி.க்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு கிடைப்பது என்.எஸ்.டி.தான், விலையும் குறைவு, 'நார்மல்' என்று ஒரு தாளும் கையில் வரும்.

அசைவு எண்ணுவது பற்றி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2018-இல் வெளியான அஃபர்ம் ஆய்வில், அசைவு குறைந்தால் உடனே வரச் சொல்லும் திட்டத்தால் இறந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. எண்ணச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்தப் பெண்ணின் முதல் கர்ப்பத்தில் நடந்ததைக் கேட்டால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இரண்டு நாள் துடிப்பு குறைந்தபோது, வீட்டில் பெரியவர்கள் சொன்னது: "நிறைமாசம் நெருங்குதுல்லா, பிள்ளைக்கு இடம் பத்தாது, துடிக்காது." இது தப்பு. கடைசி மாதங்களில் உதை நெளிவாக மாறலாம்; எண்ணிக்கை குறையக் கூடாது. சாப்பிட்டு இடப்பக்கம் படுத்து இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

நஞ்சுக்கொடி பரிசோதனை அறிக்கை பின்னால் வந்தது: சிறியது, பல இடங்களில் ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதிகள். தாய்க்கு, ரத்தம் உறையும் கோளாறைத் தேடும் ஆன்டிபாஸ்போலிபிட் பரிசோதனை நெகடிவ், 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதும் நெகடிவ். பிரஷர் மாத்திரை பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் நின்றது. பிரீ-எக்ளாம்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் வருடம் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் 12-ஆவது வாரத்தில் ஆஸ்பிரின். அந்தச் சீட்டின் அடியில், மருந்துக் கடைக்காரர் படிப்பதற்காக இந்தியிலும் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: இது கர்ப்பத்துக்காகவே கொடுத்த மாத்திரை, நிறுத்தச் சொல்ல வேண்டாம்.